பழைய எந்திரமும் புதிய வாழ்வும்

(கழகத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற தொழிற்கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகத்தைத் தொடங்கிய பெரியவர்கள், நம் பிள்ளைகளின் கையில் புத்தகம் இருத்தல் வேண்டும் என்று விரும்பினார்கள். அந்த விருப்பம் பெரும்பகுதி நிறைவேறியிருக்கிறது. நம் தெருக்களில் இன்று டர்னர் படித்தவர் உண்டு. பிட்டர் படித்தவர் உண்டு. வெல்டர், மின்பணியாளர், மோட்டார் மெக்கானிக் என்று சான்றிதழ் பெற்றவர் பலர் உண்டு. ஆனால், அவர்களுள் சொந்தப் பட்டறை வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணி முடித்துவிடலாம். மற்றவர்கள் எல்லாரும் ஒப்பந்தக்காரரின் கீழ் நாட்கூலிக்கு நிற்கிறார்கள்.

இதற்குக் காரணம் கைத்திறன் இன்மை அன்று, கருவி இன்மை. நம் முன்னோர் காலத்தில் அவர்கள் பிடித்த கடப்பாரையும் மண்வெட்டியும்கூடப் பண்ணைக்குச் சொந்தமாக இருந்தன. உழைப்பு நம்முடையது, கருவி பிறருடையது என்பதே நம் வரலாறு. என் தந்தையார் ஒரு பட்டறையில் இருபது ஆண்டுகள் எடுபிடியாக இருந்தார். எந்திரத்தைத் துடைக்க அவருக்கு அனுமதி உண்டு. ஓட்ட அனுமதி இல்லை. ஆகவே, கருவியைச் சொந்தமாக்கிக் கொள்ளுதல் என்பது நமக்கு வெறும் வணிகச் செய்தி அன்று. 1942 முதல் 1946 வரை இந்திய அரசில் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்று நடத்திய அண்ணல் அம்பேத்கரின் பெயரால் கூடும் நாம், தொழிலாளியின் கையில் கருவி சேரும் வழியையும் பேசியாக வேண்டும்.

புதிய எந்திரம் வாங்கப் பணம் இல்லாதவன் பழைய எந்திரத்தை நாடுகிறான். அதனைக் குறைந்த விலையில், அதே வேளையில் ஏமாறாமல் வாங்குவது எப்படி என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். 1987ஆம் ஆண்டில் நான் ஒரு கடைசல் எந்திரம் வாங்கினேன். விலை பதினெட்டாயிரம் ரூபாய். அதில் பாதி என் தாயாரின் நகை. மீதி வட்டிக்கு வாங்கியது. பச்சை வண்ணம் பளபளக்க அந்த எந்திரம் நின்றது. மின்சாரம் இல்லை, பிறகு ஓட்டிக் காட்டுகிறோம் என்றார்கள், நானும் நம்பினேன். ஊருக்குக் கொண்டுவந்து ஓட்டிய முதல் நாளிலேயே பல்சக்கரப் பெட்டி அலறியது. திறந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களில் பற்கள் இல்லை. வார்ப்பிரும்புச் சட்டத்தில் பற்றவைத்து மூடிய விரிசல் ஒன்று வண்ணத்தின் அடியில் இருந்தது. ஓராண்டு கழித்து அதனைக் காயலாங்கடையில் எடைக்குப் போட்டேன். வட்டியை அடைக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. வசதி உள்ளவன் ஒருமுறை ஏமாந்தால் அது அவனுக்குப் பாடம். நமக்கோ இரண்டாவது முதல் கிடையாது. ஒருமுறை ஏமாந்தால் மீண்டும் கூலிக்குத்தான் போக வேண்டும். இதனை மனத்திற் கொண்டே இனி நான் சொல்வதைக் கேளுங்கள்.

பழைய எந்திரங்கள் ஏன் சந்தைக்கு வருகின்றன? பட்டறையை மூடுகிறவர் விற்பார். கணினியால் இயங்கும் சி.என்.சி. எந்திரத்துக்கு மாறுகிறவர், கையால் இயக்கும் நல்ல எந்திரத்தையும் இடம் அடைக்கிறது என்று விற்பார். கடன் கட்ட முடியாதவரின் எந்திரத்தை வங்கி ஏலம் விடும். இந்த மூன்றும் அல்லாமல் நான்காவதாக ஒன்று உண்டு: எந்திரம் உழைத்து ஓய்ந்துவிட்டதால் விற்பார். முதல் மூன்று காரணங்களால் வருவது நமக்கு ஆதாயம். நான்காவது நமக்கு நட்டம். ஆகவே, விலையைக் கேட்பதற்கு முன் "ஏன் விற்கிறீர்கள்?" என்று கேளுங்கள். 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்துக்குப் பின் எத்தனையோ சிறு பட்டறைகள் மூடப்பட்டன. அவற்றின் எந்திரங்கள் நல்ல நிலையிலேயே கைமாறின. அவ்வாறு விற்கிறவரும் நம்மைப் போல் உழைத்து நொந்தவரே. அவருடைய துயரத்தைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்பது நமக்கு அழகன்று. நியாயமான விலையை உடனே கொடுத்து, குறித்த நாளில் கொட்டகையைக் காலி செய்து கொடுத்தால், அவருக்கு வாடகை மிச்சம். நமக்கு விலை மிச்சம்.

எங்கே தேடுவது? மோட்டார் வாகன உதிரிகளுக்குச் சென்னைப் புதுப்பேட்டை பெயர் பெற்றது. கடைசல், துளையிடும், இழைக்கும் எந்திரங்களுக்குக் கோவையைப் போல் வாய்ப்புள்ள ஊர் தமிழகத்தில் இல்லை. சென்னையில் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளைச் சுற்றியும் கைமாறும் எந்திரங்கள் உண்டு. 1964இல் நிறுவப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனம், அரசுத் துறைகளும் பொதுத்துறை ஆலைகளும் கழிக்கும் பொருள்களை மின்னணு ஏலத்தில் விற்கிறது. 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வங்கிகள் கைப்பற்றிய எந்திரங்களும் ஏலத்துக்கு வருகின்றன. ஏலத்தில் நினைவில் கொள்ள வேண்டியவை மூன்று. பொருள் இருக்கும் நிலையிலேயே விற்கப்படும். பின்னர்க் குறை சொல்ல இடமில்லை. ஆகவே, பார்வையிடக் குறித்த நாளில் நேரில் போய்ப் பார்க்காமல் ஏலம் கேளாதீர்கள். கேட்ட விலைக்கு மேல் சரக்கு சேவை வரியும், தூக்கி ஏற்றும் செலவும் உண்டு. குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிடில் முன்பணம் போய்விடும்.

இனி, சோதிக்கும் முறைக்கு வருகிறேன். மாட்டுச் சந்தையில் நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், சுழியைப் பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். எந்திரத்துக்கும் அதுவே முறை. கடைசல் எந்திரத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக் கொள்வோம்.

புதிதாக வண்ணம் பூசிய எந்திரத்தைக் கண்டால் ஐயம் கொள்ளுங்கள். எண்ணெய்க் கறையோடு நேற்றுவரை ஓடிய எந்திரம் அதைவிட மேல். வார்ப்பில் விரிசல் உண்டோ என்று ஐயுற்றால், அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடியைப் பூசுங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். வண்ணத்துக்கு மேல் இச்சோதனை செல்லாது. ஆதலால் அவ்விடத்து வண்ணத்தைச் சுரண்ட இசைவு கேளுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது, பட்டறைகளில் 'பெட்' என்று வழங்கும் அடித்தளம். பெரும்பாலான வேலை சக்குக்கு அருகிலேயே நடப்பதால், தேய்வும் அங்கேதான் மிகுதி. சேடிலைச் சக்கின் அருகே நிறுத்தி, அதன் ஜிப்பைச் சற்று இறுக்குங்கள். பின் கைச்சக்கரத்தைச் சுற்றி டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். அங்கே போகப்போக இறுகி நின்றுவிட்டால், முன்பகுதி தேய்ந்துள்ளது என்பது உறுதி. தேய்ந்த பெட்டை மீண்டும் கிரைண்டிங் செய்து சரிசெய்யலாம். ஆனால் அச்செலவை விலையில் கழித்துக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சுழல்தண்டு. காந்த அடித்தளமுள்ள டயல் கேஜைப் பெட்டின் மேல் நிறுத்தி, அதன் முனையைச் சக்கின் மேற்புறத்தில் படும்படி வையுங்கள். சக்கின் அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்புங்கள். முள் நூற்றில் ஓரிரு பங்கு மில்லிமீட்டர் அசைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு மிகவும் மேற்பட்டால் பேரிங்கை முறுக்கவோ மாற்றவோ வேண்டும்.

நான்காவது, ஓட்டிப் பார்த்தல். எல்லா வேகங்களிலும் ஓட்டுங்கள். ஒரு வேகத்தில் மட்டும் இரைச்சல் கேட்டால் அந்த வேகத்துக்குரிய பல்சக்கரத்தில் குறை. பல்சக்கரப் பெட்டியின் அடி எண்ணெயைச் சிறிது வடித்து வெள்ளைத் துணியில் தேயுங்கள். இரும்புத் துகள் மின்னினால் உள்ளே தேய்வு நடக்கிறது. பிறகு, தடித்த இரும்புத் தண்டு ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, ஒரு சாண் நீளம் வெளியே நீட்டி, மெல்லிய சீவல் ஒன்று எடுங்கள். இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்தால் விட்டம் ஒன்றாக இருத்தல் வேண்டும். பெரிதும் வேறுபட்டால் தலைப்பகுதி நேராக இல்லை, அல்லது பெட் தேய்ந்துள்ளது, அல்லது எந்திரம் தரையில் மட்டமாக அமரவில்லை. மூன்றாவது காரணம் செலவின்றித் தீரும். முதல் இரண்டும் அவ்வாறு தீரா.

ஐந்தாவது, மோட்டார். நம் வீட்டு இணைப்பு ஒற்றைப் பேஸ். பட்டறை எந்திரங்கள் பெரும்பாலும் 415 வோல்ட் மூன்று பேஸில் ஓடுபவை. இணைப்பும் அனுமதிக்கப்பட்ட மின்சுமையும் இல்லாமல் எந்திரத்தை மட்டும் வாங்கிவந்து திண்ணையில் நிறுத்திய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மெக்கர் கருவியால் மோட்டாரின் மின்காப்பைச் சோதியுங்கள். ஒரு மெகோமுக்குக் குறையக் கூடாது. ஆறாவது, உடன்பொருள்கள். மரை வெட்டுவதற்குரிய மாற்றுச் சக்கரங்கள், சக்கின் இரு வகைத் தாடைகள், சக் சாவி, ஸ்டெடி ஆகியவை உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். இவற்றைப் பின்னர்த் தனித்தனியே தேடினால் எந்திரத்தின் விலையில் ஒரு பகுதி போய்விடும்.

சி.என்.சி. எந்திரம் பழையதாக மலிவில் கிடைக்கிறது என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரும்பு நன்றாக இருந்தாலும், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு உதிரி கிடைக்காவிடில் அது வெறும் பாரம். பழைய கட்டுப்பாடுகள் பலவற்றில், எந்திரத்துக்குரிய எண்கள் எல்லாம் மின்கலத்தின் துணையால் நினைவில் நிற்பவை. நெடுநாள் கிடந்த எந்திரத்தில் கலம் தீர்ந்திருந்தால் அவை அழிந்திருக்கும். திரை ஒளிர்வதை மட்டும் பார்த்து நம்பாமல், ஒரு பொருளை முழுதாகச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சிறு கருவிகளுக்கும் இதே விழிப்பு வேண்டும். காயலாங்கடையில் எடைக்குக் கிடைக்கும் பழைய ஸ்பேனர், சுத்தியல், வைஸ் ஆகியவை பல வேளைகளில் புதியவற்றினும் உறுதியானவை. ஆனால், அரத்தைப் பழையதாக வாங்குவதில் பயனில்லை, மழுங்கியதைத்தான் விற்பார்கள். பழைய சாணைக்கல்லை ஒருபோதும் வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ள கல் சுழலும்போது வெடித்து உயிரைக் குடிக்கும். மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்துச் சுழியில் நிற்கிறதா என்று காணுங்கள். வெர்னியரின் தாடைகளை மூடி வெளிச்சத்தில் பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று காணுங்கள்.

அழுத்து எந்திரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மிதியை ஒருமுறை மிதித்தால் ஒருமுறைதான் இறங்க வேண்டும். கிளட்ச் சாவி தேய்ந்த பழைய எந்திரம், கையை எடுப்பதற்குள் இரண்டாம் முறை இறங்கிவிடும். உதிரிப்பாகத் தொழிலில் எத்தனையோ தொழிலாளர் விரல்களை இழந்தது இந்த எந்திரத்தில்தான். அவர்களுள் நம் பிள்ளைகளும் உண்டு. எந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வலியுறுத்தியது. கை வைத்தால் நகராத காப்பும், இரு கைகளாலும் அழுத்தி இயக்கும் பொத்தானும் அமைக்க முடியாத அழுத்து எந்திரத்தை, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாளை நீங்கள் முதலாளியாகும்போது, உங்களிடம் வேலைக்கு வருகிறவனும் ஒரு தாயின் பிள்ளை என்பதை மறவாதீர்கள்.

இனி, ஆவணம். பற்றுச்சீட்டு இல்லாத பொருளைத் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம். 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு அதனைக் கூறுகிறது. ஓர் ஊரில் ஒரு மோட்டார் காணாமற் போனால் காவலர் முதலில் எந்தத் தெருவுக்கு வருவார் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறர்க்குச் சீட்டு ஒரு வசதி. நமக்கு அது காப்பு. விற்பவரின் பெயர், முகவரி, எந்திரத்தின் தயாரிப்பு எண், விலை ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்கட்டும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். எந்திரம் வங்கிக்கு ஈடாக இருந்ததெனில், அவ்வங்கியின் தடையின்மைச் சான்று இல்லாமல் நகர்த்தாதீர்கள்.

விலைக்கு வருவோம். எந்திரத்தின் எடையை அன்றைய கழிவிரும்பு விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழ் எவரும் விற்கமாட்டார், அதுவே தரை. புதிய எந்திரத்தின் விலை கூரை. இவ்விரண்டுக்கும் இடையில்தான் பேரம். ஆனால், பேசி முடித்த விலை மட்டும் விலையாகாது. கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். எந்திரம் 1,10,000 ரூபாய். கிரேனும் லாரியும் 14,000. தளமும் மின்கம்பியும் 12,000. மோட்டார், பேரிங், பெல்ட் பழுது 18,000. இல்லாத உடன்பொருள்கள் 16,000. ஆக மொத்தம் 1,70,000 ரூபாய்.

இப்போது மற்றொரு கணக்கைப் பாருங்கள். தமிழக அரசு 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொடங்கும் தொழிலுக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் அறிவித்தது. புதிய எந்திரம் 2,80,000 ரூபாய் எனில், 35 விழுக்காடு 98,000 ரூபாய். நம் பொறுப்பு 1,82,000 ரூபாய். பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு பன்னிரண்டாயிரமே! மானியத் திட்டங்கள் பெரும்பாலும் புதிய எந்திரங்களையே கருதி வகுக்கப்படுபவை. ஆகவே, பழையதை வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டு அலைவது வீண். முதலில் மாவட்டத் தொழில் மையத்திலும், 1974இல் நிறுவப்பட்ட தாட்கோவிலும் கேட்டு, எழுத்தில் விடை பெறுங்கள். மானியம் கிடைக்கக் காலம் ஆகும். வேலை கையில் காத்திருக்கிறது எனில், பழையதே சரியாகலாம். மலிவு என்பது விலைச்சீட்டில் இல்லை; கணக்கின் முடிவில் இருக்கிறது.

இறுதியாக, கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். பரம்பரையாக வணிகம் செய்யும் சமூகத்தாருக்கு எந்தக் கொட்டகை மூடப்போகிறது, எந்த எந்திரம் நல்லது என்னும் செய்தி உறவினர் வாயிலாகவே வந்து சேர்கிறது. கல்யாண வீட்டில் கைமாறும் செய்தி அது. நமக்கு அந்த வாயில் இல்லை. நாம் கேள்விப்படுவதற்குள் நல்லது போய்விடுகிறது. அந்த வாயிலாகக் கழகம் இருத்தல் வேண்டும். விற்பனைக்கு வரும் எந்திரங்களைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு வையுங்கள். பணி ஓய்வு பெற்ற நம் டர்னர்களும் பிட்டர்களும், வாங்கப்போகும் இளைஞனோடு ஒரு நாள் உடன் செல்லட்டும். டயல் கேஜ், மெக்கர், மைக்ரோமீட்டர் ஆகிய மூன்றையும் கழகம் வாங்கி இரவல் கொடுக்கட்டும். ஒருவரால் முடியாததை மூவர் சேர்ந்து வாங்கட்டும். அவர்களுடைய பங்கை எழுதிக் கையொப்பமிட உதவி செய்யுங்கள். மத்திய அரசு நிறுவனங்கள் தம் கொள்முதலில் நான்கு விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் ஆணை கூறுகிறது. எந்திரம் இருந்தால்தான் அந்த வாயிலையும் நாம் தட்ட முடியும்.

நான் இழந்த பதினெட்டாயிரத்துக்குப் பின் இரண்டாவது எந்திரம் வாங்கப் பதினோர் ஆண்டுகள் ஆயின. அம்முறை ஒரு முதிய பிட்டர் என்னோடு வந்தார். அரை நாள் சோதித்துவிட்டு, "இதை வாங்கு தம்பி" என்றார். அந்த எந்திரம் இன்றும் என் பட்டறையில் ஓடுகிறது. அதனை முதன்முதல் இயக்கிவைத்தவர் என் தந்தையார். இருபது ஆண்டுகள் எந்திரங்களைத் துடைத்த கை, அன்று ஓர் எந்திரத்தின் விசையை அழுத்தியது. உங்கள் வீடுகளிலும் அந்த நாள் வருதல் வேண்டும். ஏமாறாமல், கடன்படாமல், பதினோர் ஆண்டு காத்திராமல் வருதல் வேண்டும்.